எட்மண்டன் கம்யூனிட்டி லீக்: இலையுதிர் காலச் சேதிகள், ஆள் தேவை

காவிரிக்கரை | செப்டம்பர் 8, 2025, இரவு 9:15

கனடாவின் எட்மண்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு வணக்கம். புதிதாக வந்தவர்களுக்கு: கம்யூனிட்டி லீக் என்பது அந்தந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். செப்டம்பர் 1 முதல் லீக்கின் புது வருஷம் தொடங்கிவிட்டது. போன வருஷத்து மெம்பர்ஷிப் ஆகஸ்ட் 31-ஓடு முடிந்தது. நீச்சல் குளத்து வாசலில் பிள்ளைகளோடு போய் நின்ற பிறகு நினைவுக்கு வர வேண்டாம், இப்போதே புதுப்பித்துவிடுங்கள்.

நான் தெற்குப் பக்கம் ஒரு லீக்கின் போர்டில் இருக்கிறேன். எங்கள் பக்கத்துச் சேதிகளைச் சொல்கிறேன். உங்கள் பக்கம் என்ன நடக்கிறதென்று நீங்களும் எழுதுங்கள்.

செப்டம்பர் 20, சனிக்கிழமை, கம்யூனிட்டி லீக் டே. எங்கள் ஹாலில் பான்கேக் உண்டு. பழைய ஸ்கேட், ஸ்னோபேண்ட், பூட்ஸ் எல்லாம் மாற்றிக்கொள்ள ஒரு மேசை போடுகிறோம். பிள்ளைக்குச் சின்னதாகிப்போனது வீட்டில் கிடந்தால் கொண்டுவாருங்கள். இந்த வருஷம் புதிதாக வந்த குடும்பங்கள் நிறைய. முதல் குளிர்காலத்தில் ஒரு ஸ்னோபேண்டின் விலை எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

இண்டோர் சாக்கர் பதிவு முடியப்போகிறது. அதற்கும் லீக் மெம்பர்ஷிப் வேண்டும்.

இனிதான் கவலையான சேதி. அக்டோபரில் ஏஜிஎம், அதாவது ஆண்டுப் பொதுக்கூட்டம். ட்ரெஷரர் விலகுகிறார். வருஷக்கணக்காக ரிங்க்கை (குளிர்காலத்தில் தண்ணீர் விட்டு உறையவைக்கும் ஸ்கேட்டிங் தளம்) பார்த்துக்கொண்ட பெரியவரும் முதுகு ஒத்துழைக்கவில்லை, இந்த வருஷம் முடியாது என்று சொல்லிவிட்டார். இரண்டு இடத்துக்கும் ஆள் இல்லை. மெம்பர் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன, ஆனால் கூட்டத்துக்கு வருவது நான் மட்டும்தான். இந்த இழையைத் தொடங்கியது அதனால்தான்.

புதுசா_வந்தவன் | செப்டம்பர் 8, இரவு 10:02

அக்கா, ஒரு சந்தேகம். நான் அப்பார்ட்மென்ட்ல வாடகைக்கு இருக்கேன். வொர்க் பர்மிட்தான். வீடு வெச்சிருக்கவங்க மட்டும்தான் சேர முடியும்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். அதோட காசு கட்டினா என்ன கிடைக்கும்னும் சொல்லுங்க.

காவிரிக்கரை | செப்டம்பர் 8, இரவு 10:20

அப்படியெல்லாம் இல்லை தம்பி. லீக் எல்லைக்குள் குடியிருந்தால் போதும், வாடகையா சொந்தமா என்று யாரும் கேட்பதில்லை. கட்டணம் லீக்குக்கு லீக் மாறும். கட்டினால் நகராட்சிக் குளங்களில் லீக்குக்கென்று ஒதுக்கிய நேரத்தில் நீச்சல், ரெக் சென்டர் பாஸில் சலுகை, ரிங்க்கில் ஸ்கேட்டிங், ஹால் வாடகையில் தள்ளுபடி.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. அடுத்த மாதம் 20-ஆம் தேதி நகராட்சித் தேர்தல். அதில் ஓட்டுப் போட கனடியக் குடியுரிமை வேண்டும். லீக் ஏஜிஎம்மில் நீங்கள் மெம்பராக இருந்தால் போதும். வந்து மூன்றே மாதமானாலும் உங்கள் கை தூக்கலுக்கு என் கை தூக்கலுக்குள்ள அதே மதிப்பு. இந்த ஊரில் புதிதாக வந்தவருக்கு இப்படிக் கிடைக்கிற முதல் இடம் இதுதான்.

ஏழாலையூரான் | செப்டம்பர் 9, காலை 6:48

தங்கச்சி சொல்லுறது சரி. நான் வடக்குப் பக்கம், இங்க வந்து கன காலம். எங்கட ஊரில சனசமூக நிலையம் எண்டு ஒண்டு இருக்கும். பேப்பர் படிக்கிறதில இருந்து விளையாட்டுப் போட்டி, கிணறு இறைக்கிறது, செத்தவீட்டுக்குக் கதிரை குடுக்கிறது வரைக்கும் அங்கதான். இங்க வந்து லீக் ஹாலைப் பாத்த உடன எனக்கு இது விளங்கிற்று. அரசாங்கம் செய்து தாற விசயம் இல்லை இது. அயலவை சேர்ந்து செய்யிறது.

இதுக்கு நூறு வருசத்துக்கு மேல சரித்திரம் இருக்கு. இப்ப கிரெஸ்ட்வுட் எண்டு சொல்லுற இடத்தில 1917-ல முதல் லீக் துவங்கினது. 1921-ல லீக்குகள் எல்லாம் சேர்ந்து கூட்டமைப்பு வைச்சவை. இண்டைக்கு 160-க்கு மேல லீக். நிலம் பெரும்பாலும் சிற்றியின்ர. அதில நிக்கிற ஹாலையும் ரிங்க்கையும் நடத்திற பொறுப்பு லீக்கின்ர. கூரை ஒழுகினா சிற்றிக்காரன் வந்து திருத்த மாட்டான், நாங்கள்தான் பாக்கோணும்.

பொதிகைச்சாரல் | செப்டம்பர் 9, மதியம் 12:30

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒரு நெருடல். லீக் பணத்துல பெரும்பகுதி கேசினோவுல இருந்து வருதே? எங்க லீக்ல இருந்தும் கேசினோ வாலண்டியருக்கு ஆள் வேணும்னு மெயில் வந்தது. சூதாட்டத்துல யாரோ வீட்டுச் சம்பளத்தைத் தொலைச்ச காசுல நம்ம பிள்ளைங்க சறுக்கி விளையாடணுமா? எங்க அப்பா சீட்டுக்கட்டை வீட்டுக்குள்ள விடமாட்டார். எனக்கு மனசு வரலை.

காவிரிக்கரை | செப்டம்பர் 9, இரவு 8:55

நியாயமான கேள்வி. தெரியாதவர்களுக்காக நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். ஆல்பர்ட்டாவில் லாபநோக்கற்ற அமைப்புகள் முறைவைத்து, சில வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள் கேசினோவில் வேலை பார்க்கும். சீட்டுப் போடுவதும் சக்கரம் சுழற்றுவதும் நாம் இல்லை. கேஷியர், பேங்கர், சிப் ரன்னர், கவுண்ட் ரூம் (பணம் எண்ணும் அறை) இதுதான் நம் வேலை. சம்பளம் கிடையாது. ஒரு காலாண்டில் அந்த வட்டாரத்தில் வரும் தொகையை மொத்தமாகச் சேர்த்து அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஆகவே நாம் நிற்கும் இரவில் ஒருவர் அதிகம் தோற்றால் நமக்கு அதிகம் என்ற கணக்கு இல்லை. எதற்குச் செலவழிக்கலாம் என்பதற்கும் மாகாண ஆணையத்தின் கட்டுப்பாடு உண்டு.

போன முறை நான் கவுண்ட் ரூமில் இருந்தேன். ஜன்னல் இல்லாத அறை, நள்ளிரவு தாண்டிய நேரம், பாக்கெட் இல்லாத அங்கி. மேசைமேல் நோட்டுகளைப் பரப்பி, கையை விரித்துக் காமிராவுக்குக் காட்டிவிட்டுத்தான் எழவேண்டும். அந்தத் தொகைதான் எங்கள் ஹாலின் புது ஃபர்னஸாக (சூடேற்றும் கருவி) ஆனது. இருந்தாலும் நீங்கள் சொல்வது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். எனக்கும் அந்த அறையில் மகிழ்ச்சியாக இருக்கவில்லை.

ஏழாலையூரான் | செப்டம்பர் 9, இரவு 9:40

பொதிகை தம்பி, மனசுக்கு ஒவ்வாததைச் செய்ய வேண்டாம். எங்கட லீக்கிலயும் கேசினோவுக்கு வராத ஆக்கள் இருக்கினம். சமய நம்பிக்கை காரணமா வராதவையும் உண்டு. அவையள் வேற வேலை செய்யினம். ஆனா கேசினோக் காசு வேண்டாம் எண்டால் அந்தத் தொகையை வேற எங்க இருந்து எடுக்கிறது எண்டும் சொல்லோணும். மெம்பர்ஷிப் காசில ஹாலின்ர காஸ் பில்லே தாங்காது.

பொதிகைச்சாரல் | செப்டம்பர் 10, காலை 7:15

சரி அண்ணா. கேசினோவுக்கு நான் வரலை, அதுல மாற்றம் இல்லை. ஆனா ரிங்க் வேலைக்கு வரேன். காவிரிக்கரை அக்காவோட லீக் எல்லைக்குள்ளதான் நானும் இருக்கேன்னு நினைக்கிறேன். ஐஸ் எப்படிப் போடறாங்கன்னு ஒண்ணும் தெரியாது. யாராவது சொல்லிக் குடுத்தா கத்துக்கறேன்.

ஏழாலையூரான் | செப்டம்பர் 10, இரவு 10:05

கேட்டிட்டீர், சொல்லுறன். கொஞ்சம் நீளும்.

முதல் விசயம், அவசரப்படக்கூடாது. நவம்பர் நடுவில ஒரு குளிர் வரும். உடன எல்லாரும் எப்ப ரிங்க் துறக்கிறீங்கள் எண்டு கேப்பினம். நிலம் உள்ளுக்க இறுகாமல் தண்ணி விட்டால் தண்ணியும் போச்சு, காசும் போச்சு. சைபருக்குக் கீழ 10 பாகைக்கு இறங்கி, சில நாள் அப்பிடியே நிக்கோணும். சினோ (பனி) விழுந்திருந்தா அதை வழிச்சுத் தள்ளாமல் மிதிச்சு, உருட்டிச் சமப்படுத்தி அதிலயே மெல்லமா நனைக்கலாம். அது நல்ல அடித்தளம்.

பிறகு இரவில தண்ணி அடிக்கிறது. குழாயை ஓரிடத்தில பிடிச்சுக்கொண்டு நிக்கக்கூடாது. தூரக் கரையில துவங்கி, பின்னால நடந்து நடந்து, மெல்லிசா ஒரு படை. அது இறுகின பிறகு அடுத்த படை. தடிப்பா ஒரேயடியா விட்டால் மேல மட்டும் உறைஞ்சு கீழ தண்ணி இறங்கிப் போய் வெற்றிடம் வந்திடும். பாக்க கண்ணாடி மாதிரி இருக்கும், பிள்ளை ஏறினால் பொளக்கெண்டு உடையும். ஸ்கேட் கத்தி அதுக்குள்ள போய்ச் சிக்கினால் கணுக்கால் போச்சு. எங்கயாவது தட்டிப் பாத்து டொக்கு டொக்கெண்டு சத்தம் கேட்டால் அதை உடைச்சுக் கொட்டிப்போட்டு, சினோவும் தண்ணியும் குழைச்சுக் களி மாதிரி நிரப்பி மட்டப்படுத்துங்கோ. வெடிப்புக்கும் அதுதான் மருந்து.

வேலை முடிஞ்சால் குழாயில ஒரு சொட்டுத் தண்ணி இருக்கக்கூடாது. முழு நீளமும் தோளில தூக்கி வடிச்சுச் சுருட்டி, சூடு இருக்கிற அறைக்குள்ள வைக்கோணும். இதை மறந்தால் அடுத்த நாள் உங்கட கையில இருக்கிறது இரும்புத் தடி. கம்பளிக் கையுறைக்கு மேல ரப்பர் கையுறை போடுங்கோ. அடுத்த முக்கியமான விசயம், ஒராள் தனிய செய்யிற வேலை இல்லை இது. ஒராள் குழாய் முனையில, ஒராள் பின்னால குழாயை இழுக்க, ஒராள் மாத்தி விட. நல்ல குளிர் கிடைச்சால் கிறிஸ்மஸுக்கு முன்னம் பிள்ளையள் ஏறலாம்.

நெய்தல் | செப்டம்பர் 11, காலை 9:20

ஏழாலை அண்ணா எழுதியதை அச்செடுத்து எங்கள் லீக்கின் ரிங்க் கொட்டகையில் ஒட்டப்போகிறேன், ஆட்சேபம் இல்லையே? எங்கள் குழுவில் தமிழர் மூவர் இருக்கிறோம்.

இலையுதிர் காலத்து வேலையில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். பழைய பேட்டைகளில் தெருவின் இருபுறமும் கூடாரம் கட்டியதுபோல் நிற்கிற எல்ம் மரங்களை வீட்டுக்காரர்கள் இப்போதே வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். ஆல்பர்ட்டாவில் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை எல்ம் கிளையை நறுக்கக்கூடாது. வெட்டுக்காயத்தின் வாசனைக்குப் பட்டை வண்டு வரும், அதுதான் டச்சு எல்ம் நோயைச் சுமக்கிறது. 2024 ஆகஸ்டில் எட்மண்டனிலேயே அந்த நோய் உறுதியானது. அக்டோபர் 1 வரை பொறுத்திருங்கள். வெட்டிய எல்ம் கட்டையை விறகுக்கென்று அடுக்கி வைக்கவும் கூடாது, காட்டேஜுக்குக் காரில் ஏற்றிப் போகவும் கூடாது. ஒரு நூற்றாண்டு வளர்ந்த மரங்கள். இவை போனால் நம் ஆயுளில் திரும்ப வராது.

புதுசா_வந்தவன் | செப்டம்பர் 21, மாலை 5:10

நேத்து லீக் டேக்குப் போயிட்டு வந்தேன். பொண்ணுக்கு பூட்ஸ், ஸ்னோபேண்ட் ரெண்டும் கிடைச்சது. பான்கேக் தட்டோட உக்காந்தப்போ பக்கத்துல இருந்த உக்ரேனியப் பாட்டி என் பொண்ணோட ஜாக்கெட் ஜிப்பைச் சரி பண்ணிக் குடுத்தாங்க. மெம்பர்ஷிப் எடுத்தாச்சு. அக்கா, ட்ரெஷரர் வேலைன்னா என்ன? நான் கோயம்புத்தூர்ல பதினோரு வருஷம் கணக்கு எழுதினவன். இங்க ‘கனடியன் எக்ஸ்பீரியன்ஸ்’ இல்லைன்னு எல்லா இடத்துலயும் திருப்பி அனுப்பறாங்க.

காவிரிக்கரை | செப்டம்பர் 21, இரவு 8:30

தம்பி, உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்! லீக் என்பது சொசைட்டீஸ் ஆக்ட்டின் கீழ் பதிவான அமைப்பு. வருஷா வருஷம் தணிக்கை செய்த கணக்கை ஏஜிஎம்மில் வைத்து, மாகாணத்துக்கு ஆண்டறிக்கை அனுப்பவேண்டும். நகராட்சியின் இயக்க மானியத்துக்கும் கணக்கு ஒழுங்காக இருக்கவேண்டும். கேசினோப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி அறிக்கை. கணக்கு தெரிந்தவருக்குக் கஷ்டமில்லை, ஆனால் விதிமுறைகள் புதிதாக இருக்கும். முதல் வருஷம் துணையாக இருந்து பழகுங்கள். யாராவது அனுபவமுள்ளவர் பொறுப்பை எடுக்கச் சம்மதித்தால் அவரோடு இருக்கலாம்.

வடகரை | செப்டம்பர் 30, மதியம் 1:05

தேர்தல் பற்றி. எங்கள் ஹாலில் வார்டு வேட்பாளர்கள் கூட்டம் நடந்தது. கேள்வி முக்கால்வாசி இன்ஃபில் (பழைய பேட்டைகளின் மனைகளில் கூடுதல் வீடுகள் கட்டுவது) பற்றித்தான். 2024 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிற மண்டலச் சட்டப்படி தெரு நடுவில் இருக்கும் மனையிலும் எட்டு வீடு வரை கட்டலாம். அண்டைவீட்டு வெயிலும் பார்க்கிங்கும் போகிறதென்று ஒரு பக்கம், வீட்டு விலை ஏறாமல் இருக்க வேறு வழி என்ன என்று இன்னொரு பக்கம். குரல் உயர்ந்தது, ஆனால் மேடையில் இருந்த லீக் தலைவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிஷம் என்று கறாராக நடத்தினார். இளையவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள் மிகக் குறைவாகவே வந்திருந்தார்கள். இது அவர்களைப் பற்றிய பேச்சு. அவர்கள் இல்லாமலே நடந்தது எனக்கு வருத்தம்.

அக்டோபர் 20 தீபாவளியும்கூட. வாக்கு எண்ணும் இயந்திரத்துக்கு மாகாணம் தடை போட்டிருப்பதால் கையால் எண்ணுவார்கள், வாக்குச்சாவடியில் படிவமும் நிரப்பவேண்டும். வரிசை நீளும். முன்கூட்டியே ஓட்டுப் போட்டுவிட்டு, அன்று பலகாரத்தைப் பாருங்கள்.

நெய்தல் | அக்டோபர் 7, காலை 8:00

நேற்று முதல் ஆசிரியர் வேலைநிறுத்தம். மாகாணம் முழுக்க 51,000 ஆசிரியர்கள். என் இரண்டு பிள்ளைகளும் வீட்டில், எனக்கு ஷிப்ட் வேலை. உங்கள் லீக்குகளில் பகலில் ஹாலைத் திறந்து வைக்கிறார்களா?

காவிரிக்கரை | அக்டோபர் 7, காலை 8:45

நேற்றிரவு போர்டு அவசரமாகப் பேசியது. டேகேர் நடத்த நமக்கு உரிமம் இல்லை, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக முடியாது. ஆனால் பெற்றோரோ தாத்தா பாட்டியோ கூட இருந்தால் காலை 10 முதல் 2 வரை ஹால் திறந்திருக்கும். போர்டு கேம், பிங்பாங் மேசை, ஒரு மூலையில் படிக்க இடம். ஊரிலிருந்து வந்திருக்கிற தாத்தா பாட்டிகளை அனுப்புங்கள். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் அவர்களுக்கும் நாலு முகம் பார்த்ததாக இருக்கும். நெய்தல், உங்கள் ஷிப்ட் நாட்களைச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் இரண்டு குடும்பம் முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறோம், மூன்றாவதாகச் சேர்ந்துகொள்ளலாம்.

நெய்தல் | அக்டோபர் 7, காலை 9:02

செவ்வாயும் வியாழனும். நன்றி அக்கா. தனிமடல் அனுப்புகிறேன்.

காவிரிக்கரை | அக்டோபர் 24, இரவு 10:40

ஏஜிஎம் முடிந்தது. கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள்) சேருமா என்று பயந்திருந்தேன், சேர்ந்துவிட்டது. இந்த இழையைப் பார்த்து வந்தவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள், அடுத்த முறை முன்னால் வாருங்கள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒரு அம்மா ட்ரெஷரர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். நம் புதுசா வந்த தம்பி அவருக்குத் துணை. கூட்டத்திலேயே எழுந்து, ஹால் இன்ஷூரன்ஸ் தொகை போன வருஷத்தைவிட ஏன் இவ்வளவு கூடுதல் என்று கேட்டார். பதில் சொல்லப் போர்டு தாளைப் புரட்டவேண்டியிருந்தது. அந்த அம்மா அப்போதே திரும்பி, இவர் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ரிங்க்குக்கு ஒற்றை ஆளாகப் பொறுப்பேற்க யாரும் முன்வரவில்லை. பொதிகைச்சாரலும் இன்னும் இருவரும் பகிர்ந்துகொள்வதாகச் சொன்னார்கள். மூன்று பேர் போதாது. குறைந்தது எட்டுப் பேர் சேர்ந்தால்தான் இரவு முறை யார் மேலும் பாரமாக விழாது. சேராவிட்டால் இந்த வருஷம் பெரிய ரிங்க் வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கான சிறிய ஐஸ் மட்டும் போடலாம் என்பது போர்டின் முடிவு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் ஆள் இல்லாமல் வாதாட முடியவில்லை.

வடகரை | அக்டோபர் 25, காலை 7:30

ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறேன், ஆனால் வெள்ளி இரவுகளில் வர முடியும். வேறு லீக் மெம்பர் வந்து வேலை செய்யலாமா?

காவிரிக்கரை | அக்டோபர் 25, காலை 7:50

தாராளமாக. பெயரைச் சேர்த்துவிட்டேன். நாலு.

பொதிகைச்சாரல் | நவம்பர் 3, இரவு 9:25

நேத்தோட கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால போயாச்சு, ஆபீஸ் விட்டு வரும்போதே இருட்டு. இப்ப நிலவரம்: ஆறு பேர். புதுசா சேர்ந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் பஞ்சாபி அண்ணன், இன்னொருத்தர் பத்தாவது படிக்கிற பையன், அவங்க அம்மாவோட அனுமதியோட. பள்ளிக்கூடம் போன வாரம் திறந்தாச்சு, அதனால வெள்ளி, சனி மட்டும்தான் வருவான்.

ரிங்க் பலகையில நாலு இடத்துல ஆணி வெளிய நிக்குது, ரெண்டு பலகை உளுத்துப்போச்சு. வர சனிக்கிழமை காலை 10 மணிக்கு மாத்தறோம். சுத்தியல், ட்ரில் இருந்தா கொண்டாங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தா இலை வார வைக்கலாம், காகிதப் பை லீக்ல இருக்கு. நடைபாதைக்குப் போடற மணல் பெட்டியையும் ஹால் பக்கத்துல நகராட்சி நிரப்பி வெச்சிருக்கு. இலவசம்தான், வாளி எடுத்துட்டு வாங்க.

ஏழாலை அண்ணா, முடிஞ்சா அன்னைக்கு ஒரு மணி நேரம் வந்து இடத்தைப் பாருங்க. தெற்கு மூலை சாய்வா இருக்கிற மாதிரி தெரியுது.

ஏழாலையூரான் | நவம்பர் 3, இரவு 9:50

வாறன் தம்பி. மட்டம் பாக்கிற நூலும் கொண்டு வாறன். சாய்வெண்டால் தாழ்ந்த பக்கத்தில முதல் படையளை விட்டு உயர்த்தலாம், பயப்பிட வேண்டாம். ஏழாவதா என்ர பேரையும் எழுதுங்கோ, டிசம்பர் முதல் கிழமை எனக்கு லீவு.

புதுசா_வந்தவன் | நவம்பர் 3, இரவு 10:15

எட்டாவது நான். செவ்வாய் ராத்திரி எனக்கு ஒதுக்குங்க. ரப்பர் கையுறை எந்தக் கடையில நல்லதா கிடைக்கும்?